அந்தரக் கோட்

பியானோ எங்கள் வீட்டுக்கு ஒரு பட்டா லொறியில் வந்து இறங்கியது. நெல் மூட்டை ஏற்றுகிற லொறி. போர்த்தியிருந்த படங்கை விலக்கியபோது பியானோவின் கறுப்பு மூடியில் உமி ஒட்டிக் கிடந்தது. என் கணவர் அதைத் தன் சேட்டுக் கையால் துடைத்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார். நான் கதவு நிலையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தேன். என்ன சாமான் என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

“புடிச்சிரிக்கா?” என்று கேட்டார்.

“யாருக்கு இது?”

“நமக்குத்தான் புள்ள. வேற யாருக்கு?”

கல்முனையில் ஒரு டொக்டர் குடும்பம் வெளிநாட்டுக்குப் புறப்படும்போது வீட்டுச் சாமான்களை விற்றுவிட்டுப் போனது. அதில் ஒன்றுதான் இந்த டிஜிட்டல் பியானோ. மின்சாரத்தில் வேலை செய்வது என்றாலும் கட்டைகள் மரப் பியானோவைப் போலக் கனமானவை. கட்டாரில் இருந்த காலத்தில் என் கணவர் ஒரு ஹோட்டலுக்கு வாகனம் ஓட்டினார். விருந்தாளிகளுக்காகக் காத்து நிற்கும் நேரமெல்லாம், வரவேற்புக் கூடத்தில் ஒருவர் பியானோ வாசிப்பதைக் கேட்டுக்கொண்டு நிற்பாராம். ஊருக்குத் திரும்பி உழவு மெசின் உதிரிப்பாகக் கடையில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் அந்த ஆசை அவரை விட்டுப் போகவில்லை. ஆனால் அன்று அவர் அதை வாங்கி வந்தது தன் ஆசைக்காக அல்ல. நான் வாய் திறந்து கதைப்பதை நிறுத்திப் பல வாரங்கள் ஆகியிருந்தன.

கல்யாணமாகி நெடுங்காலம் கழித்துத்தான் எங்களுக்கு ஒரு பிள்ளை தரித்தது. நான் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். எட்டாம் மாதத்தில் ஒரு காலை, பின்னங்களைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது, எழும்பியதிலிருந்து பிள்ளை அசையவில்லை என்பது திடீரென்று உறைத்தது. சோக்கைக் கீழே வைத்துவிட்டு வயிற்றில் கைவைத்துக்கொண்டு நின்றேன். முன் வாங்குப் பிள்ளைகள் ஏனென்று தெரியாமலே அமைதியானார்கள். ஆஸ்பத்திரியில் நேர்ஸ் இதயத்துடிப்புக் கருவியை வயிற்றின் மேல் அங்கும் இங்கும் நகர்த்திப் பார்த்தார். பிறகு என் கண்ணைப் பார்க்காமல் டொக்டரைக் கூப்பிடப் போனார்.

பெண் பிள்ளை. பிரசவத்தில் இரத்தம் நிற்கவில்லை. என் உயிரைக் காப்பாற்றக் கர்ப்பப்பையை எடுக்கவேண்டி வந்தது. நான் கண் விழித்தபோது என் கணவர் பிள்ளையை அடக்கிவிட்டு வந்து கட்டிலின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவருடைய நகக்கண்களில் மணல் இருந்தது. கடற்கரையோரத்து மையவாடி மணல்.

“முகம் எப்படி இரிந்த?” என்று கேட்டேன்.

“உன்னப் போல,” என்றார்.

வீட்டுக்கு வந்த பிறகு பால் கட்டியது. குடிக்க ஆளில்லை என்பது உடம்புக்குத் தெரியவில்லை. உம்மா பழைய சாரிக் கிழிசலால் என் மார்பை இறுக்கிக் கட்டிவிட்டு, முடிச்சைப் போட்டதும் மறுபக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய முதுகு குலுங்கியதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. கதையும் வரவில்லை.

பியானோவை உம்மாவுக்குப் பிடிக்கவில்லை. “தொழுற வீட்டுல இது வேணுமா மகன்?” என்று என் கணவரிடம் கேட்டார். மருமகனை அவர் மகன் என்றுதான் கூப்பிடுவார்.

“சத்தம் வெளிய வராது மாமி. காதுல போட்டுத்தான் கேக்கிற,” என்றார் அவர். மறுநாள் இரண்டு ஹெட்ஃபோன்களும், இரண்டையும் ஒரே துளையில் சொருகும் வயரும் வாங்கி வந்தார். அதன் பிறகு நாங்கள் எவ்வளவு வாசித்தாலும் வெளியில் இருப்பவர்களுக்குக் கட்டைகள் தடக் தடக்கென்று இடிபடுவது மட்டும்தான் கேட்கும். பக்கத்து வீட்டுப் பெண் நான் தையல் படிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, சட்டை தைக்கத் துணி கொண்டுவந்தாள்.

பின்நேரம் அஸர் தொழுதுவிட்டு இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவோம். அவர் இடப்பக்கம், நான் வலப்பக்கம். போன் வீடியோவில் ஒரு வெள்ளைக்காரர் ஆங்கிலத்தில் பாடம் சொல்வார். வேகமாகப் பேசுகிற ஆங்கிலம் என் கணவருக்குப் பிடிபடாது. நான்தான் நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொல்லவேண்டும். அவர் அந்த மனிதரைத் தேடிப் பிடித்ததே என்னைக் கதைக்க வைக்கத்தான் என்று பிறகு ஒருநாள் விளங்கியது.

முதலில் கோட் படித்தோம். மூன்று சுரங்களைச் சேர்த்து ஒரேயடியாக அழுத்துவதுதான் கோட். கட்டைவிரலில் சி, நடுவிரலில் ஈ, சின்னவிரலில் ஜி. இதில் நடுவிரல்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அது ஈயில் இருந்தால் சத்தம் வெளிச்சமாக இருக்கும். அதற்குப் பெயர் மேஜர். இடப்பக்கக் கறுப்புக் கட்டைக்கு இறங்கினால் இருண்டுவிடும். அது மைனர். “இது கலியாண வீடு, இது மையத்து வீடு,” என்று என் கணவர் பிரித்து வைத்துக்கொண்டார்.

எனக்கு இரண்டும் பிடிக்கவில்லை. மேஜரை அழுத்தினால் யாரோ என் தாடையைப் பிடித்துச் சிரி சிரி என்று சொல்வது போலிருக்கும். மைனர், வீட்டுக்கு வந்து கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகும் சொந்தக்காரப் பெண்களைப் போல. இரண்டிலும் நான் இல்லை.

பிறகு ஒருநாள் வெள்ளைக்காரர் சஸ்பெண்டட் கோட் என்ற பாடத்தை எடுத்தார்.

“யார சஸ்பெண்ட் பண்ணின?” என்றார் என் கணவர். “உங்கட பிரின்சிபலயா?”

எங்கள் ஊரில் சஸ்பெண்ட் என்றால் கந்தோரிலோ பள்ளிக்கூடத்திலோ ஒருவரை வேலையிலிருந்து நிறுத்தி வைப்பது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரித்ததைக் கேட்டு உம்மா குசினியிலிருந்து அகப்பையோடு ஓடிவந்தார். வாசலில் நின்று என்னைப் பார்த்தார். திரும்பிப் போனார். அன்றிலிருந்து பியானோவைப் பற்றி அவர் ஒரு குறையும் சொன்னதில்லை.

“நடுவுல நிக்கிறவரத்தான் நிப்பாட்டிரிக்கி,” என்றேன். “ஈய எடுத்துட்டு, பக்கத்துல இரிக்கிற எஃப்ப வைக்கிற.”

நடுவிரலைத் தூக்கி, மோதிர விரலால் எஃப்பை அழுத்தினேன். சி, எஃப், ஜி. கல்யாண வீடும் இல்லை, மையத்து வீடும் இல்லை. ஹெட்ஃபோனுக்குள் அந்தச் சத்தம் எதையோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் நின்றது. நான் விரலை எடுக்கவில்லை. அப்படியே இருந்தேன். கன்னத்தில் தண்ணீர் ஓடுவதை, அது கட்டையில் விழுந்த பிறகுதான் கண்டேன். பிள்ளை போன பிறகு நான் அழுதது அன்றுதான். வெள்ளைக்காரர் போனில் தன்பாட்டில் கதைத்துக்கொண்டிருந்தார். என் கணவர் அவரை நிறுத்திவிட்டு, என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து, “அந்த எஃப்ப கீழ இறக்கு புள்ள,” என்றார். “அந்தரமா இரிக்கி.”

அந்தரம் என்று எங்கள் பேச்சில் சொல்வது தவிப்பை. புத்தகத்தில் அதே சொல்லுக்கு நடுவானம் என்றும் பொருள். இரண்டுமே அந்தச் சத்தத்துக்குப் பொருந்தின. அன்றிலிருந்து எங்களுக்குள் அதன் பெயர் அந்தரக் கோட். எஃப்பிலிருந்து ஈக்கு ஒரு சின்னப் படிதான் தூரம். நடுவில் வேறு கட்டை இல்லை. அதனால்தான் காது அவ்வளவு பிடிவாதமாக அது இறங்கவேண்டும் என்று கேட்கிறது. அவர் தன் முறை வரும்போது அழுத்திய மறுகணமே இறக்கிவிட்டு, “அப்பாடா” என்பார். நான் முடிந்தவரை பிடித்துக்கொண்டிருப்பேன்.

அந்தக் கோட்டில் இன்னொரு வகையும் உண்டு. ஈக்கு மேலுள்ள எஃப்புக்குப் பதிலாக, கீழே இருக்கும் டியை வைப்பது. சி, டி, ஜி. இது முதலாவதைப் போல அவசரப்படுத்தாது. விடியற்காலைக் கடல் மாதிரி விரிந்து கிடக்கும். ஒருநாள் நான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது, அவர் தன் இடக்கையால் கீழே சியை அழுத்திக்கொண்டிருந்தவர் விரல் தவறி ஜியை அழுத்திவிட்டார். என் கை அசையவே இல்லை. ஆனால் என் கைக்குள்ளிருந்த கோட் மாறிவிட்டது. அமைதியாகக் கிடந்த சத்தம் இப்போது இறங்க இடம் கேட்டது. என் கட்டைவிரல் தானாகவே சியிலிருந்து ஒரு படி கீழே போகப் பார்த்தது.

“என்ன செஞ்சீங்க?”

“பிழையா அடிச்சிட்டன்.”

“இன்னொரு தரம் பிழையா அடிங்க.”

அவர் சியை அழுத்தினார். பிறகு ஜியை. பிறகு திரும்பவும் சியை. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவர் சியை வைத்தால் அது சியின் அந்தரக் கோட். ஜியை வைத்தால் ஜியின் அந்தரக் கோட். சுரங்கள் அதே மூன்றுதான். கீழே யார் எங்கே நிற்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நான் அவருக்கு இதை விளங்கப்படுத்தியபோது அவர் சின்னப் பிள்ளை போல மீண்டும் மீண்டும் மாற்றி மாற்றி அழுத்தினார். போல்ட்டும் நட்டும் பிடித்துக் காய்த்த அந்த விரல்களை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இருட்டி மஃரிப் பாங்கு சொல்லும்வரை நாங்கள் எழும்பவில்லை. எங்கள் கல்யாண வாழ்க்கையில் எனக்கு எந்த நேரம் திரும்ப வேண்டும் என்று கேட்டால், நான் அந்தப் பின்நேரத்தைக் கேட்பேன்.

என் கணவர் சம்மாந்துறைக்காரர். வாப்பா இல்லாத வீட்டில் ஒரே மகன். அவருடைய உம்மாவுக்குச் சர்க்கரை கூடி, கால் விரல் ஒன்றை வெட்டவேண்டி வந்தது. அவர் போய்ப் பார்த்துக்கொள்ளத் தொடங்கினார். முதலில் இரண்டொரு நாள். பிறகு வாரம் முழுக்க அங்கே, வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து இங்கே. நானும் மாமியைப் பார்க்கப் போவேன். ஒருமுறை கால் புண்ணைக் கழுவி மருந்து கட்டிக்கொண்டிருக்கும்போது மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மகள், நான் ஒண்டு கேட்டா கோவிக்கப்படாது.”

“கேளுங்க மாமி.”

“என்ட மகனுக்கு ஒரு புள்ள வேணும். உன்ன விடச் சொல்லல்ல. அல்லாஹ் அறிய உன்ன விடச் சொல்லல்ல. இன்னொண்டு முடிக்க நீ சரி சொன்னாத்தான் அவன் முடிப்பான்.”

அவர் கெட்ட மனுசி இல்லை. கேட்டுவிட்டு என்னைவிட அதிகமாக அழுதது அவர்தான். நான் புண்ணைக் கட்டி முடித்து, கை கழுவிவிட்டு, பஸ் ஏறி வந்துவிட்டேன். வழி நெடுக வயலில் கதிர் முற்றிக் கிடந்தது. நான் ஒன்றையும் பார்க்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் வந்தார். சாப்பிட்டுவிட்டு வழக்கம்போல வந்து இடப்பக்கம் உட்கார்ந்தார். ஹெட்ஃபோனை எடுத்து நான் கீழே வைத்தேன்.

“ஒரு கேள்வி கேப்பன். பொய் சொல்லப்படாது.”

“கேளு.”

“உங்களுக்குப் புள்ள ஆசை இரிக்கா?”

அவர் கட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன். அவர் பொய் சொல்லத் தெரியாதவர்.

“அண்டைக்கு அவளக் கையில ஏந்திக்கிட்டுப் போனன் புள்ள,” என்றார். “மையவாடி மட்டும். அந்தப் பாரம் இன்னும் கையில இரிக்கி. என்னால இறக்கேலாம இரிக்கி.”

அதற்குப் பிறகு நான் எதையும் கேட்கத் தேவையிருக்கவில்லை. இரண்டு வீடு நடத்துவதற்கு மார்க்கத்தில் இடமுண்டு என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் இன்னொரு வீட்டில் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு, அந்தப் பால் மணத்தோடு என் பக்கத்தில் வந்து உட்காரும் ஒரு பின்நேரத்தை நான் நினைத்துப் பார்த்தேன். என்னால் ஏலாது என்று சொன்னேன். அவர் வேண்டாம் என்றார், நாம் இப்படியே இருப்போம் என்றார். ஒரு வருடத்துக்கும் மேலே அப்படியே இருந்தோம். வெள்ளிக்கிழமைகளில் வருவார். மீன் வாங்கி வருவார். இருவரும் பியானோவுக்கு முன்னால் உட்காருவோம், ஆனால் வாசிக்கிறதைவிடச் சும்மா இருப்பதுதான் அதிகம். அவர் மெலிந்துகொண்டு வந்தார். பெருநாளைக்குத் தெருவில் பிள்ளைகள் புதுச்சட்டையோடு போவதை அவர் ஜன்னலில் நின்று பார்ப்பதைப் பார்த்தபோது, நான்தான் விவாகரத்துக்குக் காதியாரிடம் போவோம் என்று சொன்னேன்.

காதியார் வயதான, பொறுமையான மனிதர். அவருக்கு எங்கள் வழக்கு விளங்கவில்லை.

“அடிச்சாரா?”

“இல்ல.”

“செலவுக்குக் குடுக்கல்லையா?”

“குடுத்தார்.”

“அப்ப என்னத்துக்கு மகள்?”

நான் சொல்லத் தொடங்கினேன். என் கணவர் பக்கத்து வாங்கில் இருந்து வாய்விட்டு அழுதார். காதியார் தன் மேசையிலிருந்த தண்ணீரை முதலில் அவருக்கும் பிறகு எனக்கும் கொடுத்தார். போய் யோசித்துவிட்டு வாருங்கள் என்று ஒவ்வொரு தவணையும் திருப்பி அனுப்பினார். கடைசியில் எழுதிக் கொடுத்தார்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு உரியது. கல்யாணம் முடித்து மாப்பிள்ளைதான் வந்து குடியிருப்பார். பிரிந்தால் வெளியே போகவேண்டியவரும் அவர்தான். உடுப்புப் பையோடு அவர் முற்றத்தில் நின்றபோது உம்மா அவருடைய கையைப் பிடித்து, “மகன், சாப்பிட்டுட்டுப் போங்க,” என்றார். சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். நான் அறைக்குள் இருந்தேன். இனி நான் அவருக்கு முன்னால் வரக்கூடாது. பாத்திரம் கழுவும் சத்தமும், செருப்புச் சத்தமும், கேற் சாத்துகிற சத்தமும் கேட்டன. பியானோவை எடுத்துக்கொள்ளச் சொல்லி உம்மாவிடம் சொல்லி அனுப்பியிருந்தேன். அது அவளுடையது என்று சொன்னாராம்.

பிரிந்த பெண் காத்திருக்கவேண்டிய இத்தாக் காலத்தில் வீட்டைவிட்டு வெளியே போக முடியாது. அந்த மாதங்களில்தான் அந்தரக் கோட்டுக்கு அந்தப் பெயர் வந்த காரணத்தைப் படித்தேன். நாங்கள் ஈயை நிறுத்தி வைத்ததால் சஸ்பெண்ட் என்று நினைத்திருந்தோம். அது பிழை. பழைய காலத்தில் அப்படி ஒரு கோட்டை யாரும் தனியாக அழுத்துவதில்லையாம். முதலில் வேறு கோட் ஒன்று இருக்கும். சி, எஃப், ஏ என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கோட்டுக்குப் போகும் நேரம் வரும். ஏ இறங்கி ஜிக்குப் போய்விடும். எஃப்பும் ஈக்கு இறங்கவேண்டும். ஆனால் அது போகாமல் நிற்கும். பழைய கோட்டின் சுரம், புதிய கோட்டுக்குள் தொங்கிக்கொண்டு. அதனால்தான் அந்தத் தவிப்பு. அது பிழையான சுரம் இல்லை. சற்று முன்வரை அது சரியான இடத்தில்தான் இருந்தது. மற்றது நகர்ந்துவிட்டது, இது இன்னும் நகரவில்லை, அவ்வளவுதான்.

அது விளங்கிய அன்று அவருக்குச் சொல்லவேண்டும் போல இருந்தது. போனைக் கையில் எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தேன். இப்படிப்பட்ட ஒன்றைச் சொல்வதற்கு எனக்கு இந்த ஊரில் வேறு யாரும் இல்லை.

அவர் சம்மாந்துறையில் கல்யாணம் முடித்ததை அறிந்தேன். நல்ல பெண் என்று சொன்னார்கள். அது எனக்கு ஆறுதலாக இருந்ததென்று சொன்னால் பொய். ஆனால் கெட்டவளாக இருக்கவேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, லுஹர் தொழுகைக்கு முன்னால், போன் அடித்தது. அவருடைய இலக்கத்தை நான் அழிக்கவில்லை.

“அஸ்ஸலாமு அலைக்கும்,” என்றார். “பொம்புளப் புள்ள. தாயும் புள்ளையும் சுகம்.”

“அல்ஹம்துலில்லாஹ்,” என்றேன்.

போனுக்குள் எங்கோ தூரத்தில் ஒரு குழந்தை அழுதது.

“ஒண்டு கேக்கோணும். வேணாண்டா வேணாண்டு சொல்லு. நான் ஒண்டும் நெனைக்க மாட்டன்.”

“சொல்லுங்க.”

“நம்மட புள்ளைக்கு வச்சிருந்த பேர்... அத இவளுக்கு வைக்கட்டா?”

எங்கள் பிள்ளைக்கு நாங்கள் ஒரு பெயர் வைத்திருந்தோம். அவள் வயிற்றில் இருந்தபோது இரண்டு பேரும் இரகசியமாகத் தேர்ந்தது. அந்தப் பெயர் எங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. உம்மாவுக்கும் தெரியாது. அவளிடம் இருந்த ஒரே சொத்து அது.

“புள்ளட உம்மாவுக்குத் தெரியுமா?” என்று கேட்டேன்.

“சொல்லிட்டன். உன்னட்டக் கேக்கச் சொல்லி, நீ சரியெண்டாத்தான் வைப்பமெண்டு அவதான் சொன்னா.”

அந்தப் பெண்ணை நான் பார்த்ததில்லை. பிள்ளை பெற்ற கட்டிலில் கிடந்துகொண்டு அவள் என்னை நினைத்திருக்கிறாள்.

“வையுங்க,” என்றேன். “நல்லா வாழட்டும்.”

போனை வைத்துவிட்டுப் பியானோவுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தேன். வேறு போக்கிடம் தெரியவில்லை. சி, எஃப், ஏ. பிறகு ஏயை மட்டும் ஜிக்கு இறக்கினேன். எஃப்பை விடவில்லை. கட்டையை எவ்வளவு பலமாக அழுத்திக்கொண்டிருந்தாலும் பியானோவில் சத்தம் நிலைக்காது. ஊதுகிற வாத்தியம் போலவோ ஆர்மோனியம் போலவோ அதற்கு மூச்சுக் கொடுத்துக்கொண்டிருக்க முடியாது. அழுத்திய கணத்திலிருந்தே அது தேயத் தொடங்கிவிடும். எஃப் மெலிந்து மெலிந்து போய், கடைசியில் ஹெட்ஃபோனுக்குள் ஒன்றுமில்லாமல் ஆனது. என் விரல் மட்டும் அழுத்தினபடி இருந்தது. அது ஈக்கு இறங்கவும் இல்லை.

உம்மா அறை வாசலில் நின்று என்னவோ கேட்டார். ஹெட்ஃபோனைக் கழற்றினேன்.

“யாரு மகள் போன்ல?”

சொன்னேன். உம்மா வந்து இடப்பக்கம் உட்கார்ந்தார். தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார். பிறகு, எதையோ உடைத்துவிடுவோமோ என்று பயந்தவர் போல மெதுவாகக் கேட்டார்.

“என்ன பேர்கா வச்சிருந்தீங்க, என்ட பேத்திக்கு?”

நான் சொன்னேன். எங்கள் வீட்டுக்குள் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல்தரம். உம்மா அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். பிறகு இன்னொரு தரம், கொஞ்சம் பலமாக, முற்றத்தில் விளையாடும் ஒரு பிள்ளையை உள்ளே கூப்பிடுவது போலச் சொன்னார்.